வேறொரு வீட்டில் தூங்கும் நகல்

எங்கள் கடை முதலாளி தவுக்கேயின் மகள் மெய் போன் செய்தாள். பழைய கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று அறிவித்துவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்களாம். தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

“அக்கா, நீங்கதான் ரொம்ப வருஷம் செஞ்சீங்க. வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு டிப்ஸ் மாதிரி எழுதிக் குடுங்க லா. பத்து பாயிண்ட் போதும். நான் ஃபேஸ்புக்ல போடறேன்.”

பத்து பாயிண்டாம். எனக்குப் பாயிண்ட் போட்டு எழுத வராது. நான் கற்றதெல்லாம் ஒவ்வொரு வீட்டில், ஒவ்வொருவர் அழுததைப் பார்த்துக் கற்றது. அதைத்தான் எழுத முடியும். மெய் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளட்டும்.

என் பெயர் பார்வதி. கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் மெய்யின் அப்பா நடத்திய கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, டைப்பிங் வகுப்புக்குப் போய், பில் அடிக்கிற வேலைக்கென்று அந்தக் கடையில் சேர்ந்தேன். டைப் அடிக்க வேலையில்லாத நேரத்தில் திருகாணி கழற்ற ஆள் தேவைப்பட்டது, கழற்றினேன். ஒரு பொம்பளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்கை சோவிலிருந்து கெர்லிங் வரை வீடு வீடாகப் போவது அப்போது வேடிக்கையாக இருந்தது. “ரிப்பேர் பாக்கற மாப்பிள வரலியா?” என்று என் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். நான்தான் மாப்பிள்ளை என்பேன்.

தவுக்கேயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கெர்லிங்கில் தோட்டத்துக்கு எதிரே அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவர், அதனால் சீனராக இருந்தும் எங்களைவிடத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். நம்மாட்கள் பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டு கடைக்குள் நுழைவார்கள். தவுக்கே அவர்களைப் பார்த்து, “வா தம்பி, சாப்டியா? என்னாச்சு ஒம் பொட்டிக்கு?” என்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் தொட மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். “கடசியா என்னா செஞ்ச?” என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். எல்லாரும் முதலில் பொய்தான் சொல்வார்கள். “ஒண்ணும் செய்யல தவுக்கே, அதுவே நின்னு போச்சு.” அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஒவ்வொன்றாக வரும்: மச்சான் கொடுத்த சிடி, எதையோ அமுக்கச் சொன்ன மெயில், பரிசு விழுந்ததாகச் சொன்ன படம். உண்மை முழுக்க வந்த பிறகே கையை முன்னால் எடுப்பார்.

எடுத்தாலும் உடனே ரிப்பேர் கிடையாது. முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குவார். அப்புறம் உள்ளே இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுப்பார், நகலில்தான் வேலை செய்வார். புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தாலும் பழைய டிஸ்கை அழிக்க விடமாட்டார். பழைய சீனப் பத்திரிகையில் சுற்றி, பெயர் எழுதி அலமாரியில் வைப்பார். “புதுப் பாலத்துல லோரி ஓடட்டும். அப்பறமா பழைய பாலத்த ஒடைக்கலாம்” என்பார். இதைவிட நல்ல அறிவுரையை நான் இன்றுவரை கேட்டதில்லை. மெய், இதை முதல் பாயிண்டாகப் போட்டுக்கொள்.

அவர் எனக்குச் சொன்ன சட்டங்களில் இரண்டுதான் இங்கே முக்கியம். ஒன்று, நகல் இரண்டு இருக்க வேண்டும். “ஒண்ணு ஒன் வீட்டுல, இன்னொண்ணு வேற வீட்டுல தூங்கணும்.” திருடன், தீ, வெள்ளம், இடி எதுவும் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு வராது என்பது அவர் கணக்கு. மற்றது, வாடிக்கையாளர் வாயால் சொல்லாமல் அவருடைய எதையும் கடையில் வைத்துக்கொள்ளக் கூடாது. “கேக்காம வச்சா அது திருட்டுதான், எவ்ளோ நல்லதுக்கு வச்சாலும்.” இந்த இரண்டு சட்டமும் ஒருநாள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அதற்கு முன் பாஸ்வேர்டு பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அழுவதற்கு முன் சிரித்துக்கொள்ளலாம். சுங்கை சோவில் ஒரு மாமா, பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அவருடைய மெயிலுக்குள் யாரோ புகுந்து, அவர் பெயரில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கண்டதையும் அனுப்பிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார். பாஸ்வேர்டு என்ன என்று நான் கேட்கவில்லை. “மாமா, நீங்க எந்தத் தோட்டம்?” என்றேன். பெருமையாகச் சொன்னார். “அதான் பாஸ்வேர்டா?” என்றேன். திகைத்துப் போய், “ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?” என்றார்.

எப்படித் தெரியாமல் இருக்கும்? இரண்டு தமிழர்கள் கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் பெயரைக் கேட்கும் முன் தோட்டத்தைக் கேட்கிறோம். தோட்டம் மூடி, லயம் இடித்து, அந்த இடத்தில் தாமான் என்று புதுக் குடியிருப்பு எழும்பிய பிறகும் கேட்கிறோம். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கிற ரகசியக் கேள்விக்கும் அதையேதான் பதிலாக வைக்கிறோம். ஊருக்கே தெரிந்த ரகசியம். தயவுசெய்து தோட்டத்தை மனசில் வையுங்கள், பாஸ்வேர்டில் வைக்காதீர்கள். பிள்ளைகள் பெயரும் வேண்டாம், கார் நம்பரும் வேண்டாம். யாருக்கும் புரியாத ஒரு முழு வாக்கியம் வையுங்கள்.

இனி நான் எழுத விரும்பாததை எழுதுகிறேன்.

அம்பாங் பெச்சாவில் சன்னாசி அண்ணன் வீடு. மலாயில் அந்த ஊர்ப் பெயருக்கே உடைந்த அணை என்றுதான் அர்த்தம். அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சிறுசாக இருக்கும்போதே மனைவி இறந்துவிட்டார். இரண்டு பெண்கள். மூத்தவள் மாலா. இளையவள் செல்வி பிறவியிலேயே பேச்சு வராதவள், கைகால்களும் சொன்னபடி கேட்காது. ஆனால் எல்லாம் புரியும், கோபம் உட்பட. அம்மா இல்லாத வீட்டில் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி வளர்த்தது அக்காள்தான்.

செல்வி போய் வந்த பயிற்சி நிலையத்தில் யாரோ ஒரு புரோகிராம் கொடுத்தார்கள். திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால், அதற்கென்று பேசிப் பதிவு செய்த குரல் வெளியே வரும். படம் இருந்தது, குரல் இல்லை. குரல் பதிக்கத்தான் நானும் தவுக்கேயும் மைக்கோடு போனோம். மாலா வேலை முடிந்து, ஃபேக்டரி சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தண்ணி, பசிக்குது, வலிக்குது, போதும், கொசு, ஃபேன் போடு. ஒவ்வொன்றையும் செல்வி எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். சன்னாசி அண்ணனின் போட்டோ இருந்த கட்டம் வந்தபோது, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இழுத்து, “அப்பாவ்!” என்றாள். வாசலில் நின்றிருந்த மனுஷன், “வரேன்மா” என்று உள்ளே ஓடி வந்தார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். செல்விதான் அதிகம் சிரித்தாள்.

அன்றிலிருந்து செல்வி பேச ஆரம்பித்தாள். நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். எதையெதையோ அமுக்குவாள், ஆனால் அதிகம் அமுக்குவது அந்தக் கட்டத்தைத்தான். “அப்பாவ்!” என்று மாலாவின் குரல் கூப்பிடும். அவர் எங்கே இருந்தாலும், “வரேன்மா” என்று வருவார்.

சில வருஷம் கழித்து மாலா ஃபேக்டரியில் பழகின பையனையே கட்டிக்கொண்டாள். சன்னாசி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சொந்தக்காரர்களை நிற்க வைத்து, “எனக்கு ஒரே மகதான், அது செல்விதான்” என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை மாலா காதுக்கும் போனது. அதன் பிறகு அவள் அந்த வாசற்படி மிதிக்கவில்லை. தங்கையைப் பயிற்சி நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

ஆளை வெளியே அனுப்பிவிட்டார், குரல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை மாலாதான் அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணி கேட்டது அவள் குரல். கொசு கடிக்குது என்றது அவள் குரல். அப்பாவைக் கூப்பிட்டதும் அவள் குரல்தான். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும், ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இப்போது போலவே முன்பும் ஒருமுறை, அப்போதைய சிஸ்டத்துக்கு அப்டேட் நின்றபோது, புதியதற்கு மாற்றலாமென்று அந்தப் பெட்டியிலும் முயன்றோம். தவுக்கே முறைப்படி நகல் எடுத்து, நகலில் போட்டுப் பார்த்தோம். புரோகிராம் திறந்தது, சத்தம் வரவில்லை. செல்வி ஒரு படத்தை அமுக்கினாள், இன்னொன்றை அமுக்கினாள், பிறகு கத்த ஆரம்பித்தாள். நான் பழைய டிஸ்கையே திரும்ப மாட்டினேன். எல்லா மேம்படுத்தலும் மேம்பாடு இல்லை. வேலை நடக்கிற பழைய பெட்டி ஒன்று இருந்து, அதை மாற்ற முடியாது என்றால், இன்டர்நெட்டைத் துண்டித்துத் தனியாக வையுங்கள். நானும் அப்படித்தான் வைத்தேன்.

வைத்துவிட்டு நகலைப் பற்றிப் பேசினேன். ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து சன்னாசி அண்ணனிடம் கொடுத்தேன். அதை சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்தார். “இன்னொரு காப்பி கடையில இருக்கட்டும்ணே” என்றேன்.

“வேணாம்மா. வூட்டுப் பொண்ணு கொரலு. கண்ட எடத்துல கெடக்கக் கூடாது.”

“கண்ட எடம் இல்லண்ணே, நம்ம கடதானே.”

“ஒங் கடதான். நாளைக்கி யாரு என்னா செய்வான்னு யாரு கண்டா? வேணாம்.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப மாலா வீட்டுல ஒண்ணு வைங்க. அவ கொரலுதானே?” என்றேன். அவர் எழுந்து போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது.

நான் கடைக்கு வந்து தவுக்கேயிடம் சொன்னேன். சொல்லாமல் ஒரு நகல் எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் வெகுநேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “அவரு வேணாம்னு சொல்லிட்டாரு பார்வதி. வேணாம்னா வேணாம்தான்” என்றார். சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் நானும் சொல்வேன். ஆனால் சரியான பதில் எல்லாம் நெஞ்சை ஆற்றுவதில்லை. அந்த ஒரு நகல் மட்டும் அலமாரியில், பத்திரிகைக் காகிதத்துக்குள் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு.

பிறகு டேப்லட் வந்தது. குரல்களை மட்டும் எடுத்து அதில் போட்டால், தூக்கிக்கொண்டு போகிற இடமெல்லாம் செல்வி பேசலாம். “செய்யலாம்ணே” என்றேன். “தீபாவளி கழியட்டும்” என்றார். தீபாவளி கழிந்தது, தைப்பூசம் கழியட்டும் என்றார். ஓடுகிற பெட்டியை எதற்குத் தொடுவது என்பது அவர் நினைப்பு. நம்மாட்கள் எல்லாருக்கும் அதே நினைப்புதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நான் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கதவை நான் கதவென்றே நினைக்கவில்லை. அது கோயில்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. திருவிழா முடிந்ததும், படங்களையும் வீடியோவையும் ஒரு பென்டிரைவில் போட்டு, கமிட்டிக்காரர் யாராவது ஒருவர் வீட்டில் கொடுப்பார். அந்த வீட்டில் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். திருநீறு, பொங்கல் பொட்டலத்தோடுதான் அதுவும் வரும். தேர் இழுத்தவன், காவடி எடுத்தவள், சோறு பரிமாறியவன் எல்லாரும் அதில் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? திருநீற்றை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அந்த முறை அது எந்த வீட்டிலோ ஒரு வைரஸை வாங்கிக்கொண்டது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டுகிற ரகம். புது சிஸ்டம் இருந்த வீடுகளில் அது வாசலிலேயே மாட்டிக்கொண்டது, ஏதோ எச்சரிக்கை வந்தது என்று மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சன்னாசி அண்ணனின் பெட்டிக்கு இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் இல்லாததால் எந்தக் காவலும் புதிதாக வந்து சேரவில்லை. தனியாக வைத்தால் பத்திரம் என்று நாங்கள் வைத்த பெட்டி, ஊரிலேயே தடுப்பூசி போடாத பிள்ளையாக இருந்தது. செல்விக்குத் தேர் பார்க்க ஆசை. அவர் சொருகினார்.

எனக்குப் போன் வந்தது. பெட்டி கெட்டுப் போச்சு என்று அவர் சொல்லவில்லை. “பார்வதி, செல்வி பேசலம்மா” என்றார்.

போய்ச் சேர்ந்தேன். திரையில் சிவப்பாக இங்கிலீஷ் எழுத்துகள். செல்வி நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்தி ஓய்ந்து போயிருந்தாள். நான் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “கடசியா என்னா செஞ்சீங்கண்ணே?”

எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு முதல் தடவையிலேயே பொய் சொல்லாத வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். “கோயில் பென்டிரைவு போட்டேன். படம் பாத்தோம். அப்பறம் இந்த மாதிரி வந்துருச்சு. புள்ள அழுவுது. நீ சொன்ன காப்பி இருக்குதேன்னு, சாமிக்கிட்டேருந்து எடுத்துச் சொருவினேன்.”

பெட்டிக்குப் பக்கத்தில் அந்த டிஸ்க் இருந்தது. வயர் இன்னும் சொருகியே இருந்தது, குங்குமப் பொட்டு அழியவில்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிடுங்கிக் கடைக்குக் கொண்டுபோய் எங்கள் பெட்டியில் பார்த்தோம். அதற்குள் இருந்ததும் பூட்டப்பட்டிருந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே, இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் கத்திச் சொல்கிறேன். மிரட்டல் வந்தால் பெட்டியை நிறுத்துங்கள். வயரைப் பிடுங்குங்கள். நகலைக் கொண்டுவந்து சொருகாதீர்கள். வீட்டில் நோய் இருக்கும்போது ஆரோக்கியமான பிள்ளையை உள்ளே விடுவீர்களா? முதலில் பெட்டி சுத்தமாகட்டும், நகல் அப்புறம்.

கோலாலம்பூரில் தெரிந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோனோம். திறக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் இந்த ரகப் பூட்டுக்குச் சாவி வெளியாகலாம், சில சமயம் வெளியாகியும் இருக்கிறது. அதனால் அந்த டிஸ்க் இன்னும் கடையில், பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி, சன்னாசி என்று பெயர் எழுதி இருக்கிறது. இம்முறை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புது டேப்லட் வாங்கினார். அதிலேயே தமிழ் பேசுகிற இயந்திரக் குரல் உண்டு, போட்டுக் காட்டினேன். செல்வி ஒரு படத்தைத் தொட்டாள், அந்தக் குரல் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். “நீ பேசேன் பார்வதி” என்றார் அவர். நானும் பேசிப் பதித்தேன். என் குரலில் தண்ணி கேட்டதும் செல்வி டேப்லட்டையே மேசையிலிருந்து தள்ளிவிட்டாள். உடையவில்லை, நான்தான் உடைந்து போனேன்.

அவர் டேப்லட்டைத் தரையிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், “அவகிட்ட கேட்டுப் பாரு” என்றார்.

“யாருகிட்டண்ணே?”

பெயர் வாயில் வரவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க கேளுங்கண்ணே. ஒரு போன்தானே?”

“நான் கேட்டா வரமாட்டா.”

அதுவும் உண்மைதான். மாலா என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். போனேன். நான் சொல்லி முடிக்கும் முன் அவள் அழுதுவிட்டாள், அப்பாவுக்காக இல்லை, தங்கை பேசாமல் இருப்பதற்காக. “எப்பக்கா வரணும்? ஆனா அந்த வீட்டுக்கு வரமாட்டேன். கடைக்கு வரேன்” என்றாள்.

கடையின் பின்னறையில் உட்கார வைத்தோம். ஏர்கான், ஃபேன் எல்லாம் நிறுத்தி, கதவில் கம்பளி தொங்கவிட்டோம். தவுக்கே அப்போது வேலையை மெய்யிடம் விட்டுவிட்டு, தினமும் வந்து பேப்பர் மட்டும் படித்துக்கொண்டிருந்தார். அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். சன்னாசி அண்ணன் செல்வியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே காரிலேயே உட்கார்ந்துகொண்டார். வெயிலில் கண்ணாடியை ஏற்றியபடி உட்கார்ந்திருந்தார்.

செல்வி அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள், கடைசிவரை விடவில்லை. மாலா ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பேசினாள். குரல் கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் சொல்கிற விதம் அதே விதம். “தண்ணி” என்றதும் செல்வி மேலே நிமிர்ந்து பார்த்தாள். “கொசு” என்றதும் சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவின் போட்டோ வந்தது.

மாலா அதைப் பார்த்தாள். நான் பதிவுப் பொத்தானை அமுக்கினேன்.  செல்வி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலா என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்தது போங்கக்கா.”

“மாலா, இதத்தான் அவ அதிகமா…”

“தெரியும்க்கா. என் தங்கச்சிக்கு என்னா வேணாலும் பேசறேன், நாளு முழுக்கப் பேசறேன். இது மட்டும் வாயில வரமாட்டேங்குது.” அவளிடம் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “நான் அவரு மக இல்லன்னு அவருதான் சொன்னாரு. அப்ப அவர நான் என்னான்னு கூப்பிடறது?”

நான் தவுக்கேயைப் பார்த்தேன். பல வருஷமாகப் பார்த்த பிள்ளை, அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். அவர் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். அடுத்த படத்துக்குப் போகச் சொல்லித் தலையை மட்டும் ஆட்டினார். எல்லாம் முடிந்து மாலா பின்வாசல் வழியாகப் போன பிறகு, “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தவுக்கே” என்றேன்.

“கேட்டு வாங்கற சாமான் இல்ல பார்வதி அது” என்றார். அதற்குப் பிறகு அவர் பேப்பரை எடுத்தார், ஆனால் பக்கம் திருப்பவில்லை.

இப்போது செல்வியின் குரலுக்கு நகல் ஒன்று அவள் டேப்லட்டில், ஒன்று கடையில், ஒன்று மாலா வீட்டில் இருக்கிறது. கடையில் வைக்கிற நகல் எதோடும் சொருகாமல் தனியாகத் தூங்குகிறது. சிஸ்டம் அப்டேட் வந்த அன்றே போட்டுவிடுகிறோம். இன்டர்நெட் வேண்டும் என்றதற்கு சன்னாசி அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. மாலா தன் போனில் புதிதாக எதையாவது பேசிச் சேர்த்தால் அது செல்வியின் டேப்லட்டுக்கும் வந்துவிடும்படி மெய் அமைத்துக் கொடுத்தாள். மாலாவும் சேர்க்கிறாள். மழ வருது, நாசி லெமாக் வேணும், தல வலிக்குது, போய்ட்டு வாங்க. ஒரு தங்கைக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து யோசித்துச் சேர்க்கிறாள். எல்லாம் நான் ஆசைப்பட்ட மாதிரியே நடக்கிறது, ஒரு வீடு நாசமான பிறகு.

அந்த ஒரு கட்டம் மட்டும் போட்டோவோடு, குரல் இல்லாமல் இருக்கிறது. “அதுக்கு மட்டும் மிசின் கொரலு போடட்டுமாண்ணே?” என்று கேட்டேன். “வேணாம், இருக்கட்டும்” என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகிறேன். தேநீர் வைப்பார். பாதுகாப்பு, மேம்படுத்தல் என்று நான் தொண்டை கிழியப் பேசிய வருஷங்களிலெல்லாம் காதிலேயே வாங்காத மனுஷன், இப்போது நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிறார்.

“அப்டேட் ஏதாச்சும் வந்துருக்காம்மா?”

போன வாரமும் கேட்டார். நான் டேப்லட்டை வாங்கிப் பார்த்தேன்.

“வந்துருக்குண்ணே. ‘ரம்புத்தான்’னு ஒண்ணு சேத்துருக்கா.”

“அது மட்டுந்தானா?”

“அது மட்டுந்தாண்ணே.”

தலையை ஆட்டிக்கொண்டார். நான் டேப்லட்டைக் கொண்டுபோய் செல்வியின் முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே, டேப்லட் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா படத்தைத்தான் தட்டுகிறாள். குரல் எதுவும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். அவர் தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“வரேன்மா.”